மேற்குப் பார்த்த கதவும் மூன்று வார்னிஷ்களும்

நாகர்கோவிலில் உள்ள எங்கள் பழைய வீட்டின் தலைவாசல் மேற்குப் பார்த்தது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெய்யும் ஊர் இது. மழை ஓய்ந்த மாதங்களிலோ பிற்பகல் இரண்டு மணி தொடங்கி அந்தி சாயும்வரை வெயில் நேராகக் கதவின் மேல் விழும். என் தந்தையார் காலத்தில் அந்தத் தேக்குக் கதவுக்கு அடித்த வார்னிஷ், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோதே வெடித்து உரியத் தொடங்கியிருந்தது. அடுத்த சில மழைக்காலங்களில் கீழ்ப்பலகை கறுத்துப்போயிற்று. ஒருவழியாக 2022 பிப்ரவரியில் மூன்று வகை வார்னிஷ்களைச் சொந்தப் பணத்தில் வாங்கி, கதவுக்கு ஒன்று, அதே சுவரில் உள்ள இரண்டு சன்னல்களுக்கு ஒன்று, வீட்டுக்குள் இருக்கும் ஊஞ்சல் பலகைக்கும் அலமாரிக்கும் ஒன்று எனப் பயன்படுத்தினேன். மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகு அவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதே இந்த மதிப்பீடு. நிறுவனப் பெயர்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்களின் டப்பாக்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் காட்டிலும், ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

வார்னிஷ் என்று கடையில் கேட்டால் தருவது எது என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. மரத்தின் நிறமும் ரேகையும் வெளியே தெரியும்படி அதன் மேல் ஒளி ஊடுருவும் கெட்டியான படலமாக உறையும் எதையும் நம் ஊரில் வார்னிஷ் அல்லது பாலிஷ் என்றே சொல்கிறோம். முறையாகச் சொல்வதானால், பிசின், உலரும் எண்ணெய், இவ்விரண்டையும் இளக்கித் தூரிகைக்கு வசப்படுத்தும் கரைப்பான் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் பழைய வார்னிஷ். பிசின் கடினத்தையும் பளபளப்பையும் தருகிறது. ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் நெகிழ்வைத் தருகிறது. கரைப்பானான டர்பன்டைன் வேலை முடிந்ததும் ஆவியாகிப் போய்விடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் பிசினும் ஒரு காலத்தில் இதற்குப் பயன்பட்டது. அந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் வார்னிஷ் மரம் என்ற பொருளிலேயே ஒரு பெயர் உண்டு. இன்று டப்பாவில் வருவது பெரும்பாலும் ஆல்கைட் எனப்படும், எண்ணெயோடு வினைபுரியச் செய்து ஆலையில் தயாரிக்கும் பிசின். இதைத்தான் கடைக்காரர்கள் சிந்தெடிக் வார்னிஷ் என்கிறார்கள்.

இது உலரும் விதத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும். டர்பன்டைன் ஆவியானதும் வார்னிஷ் உலர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. எண்ணெயில் உள்ள மூலக்கூறுகள் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து வலைபோல் இறுகுகின்றன. பாதி தீர்ந்த டப்பாவைத் திறக்கும்போது மேலே ஆடை படர்ந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஆடையை மீண்டும் டர்பன்டைனில் போட்டாலும் கரையாது. அரக்கு பாலிஷ் இப்படிப்பட்டதன்று. அதில் அரக்கைக் கரைத்திருக்கும் ஸ்பிரிட் என்ற ஆல்கஹால் பறந்துபோக அரக்கு மட்டும் தங்குகிறது. எத்தனை ஆண்டு கழித்து ஸ்பிரிட் பட்டாலும் மீண்டும் கரையும். முன்னது தண்ணீரையும் கறையையும் நன்றாகத் தாங்கும், பழுது பார்ப்பது கடினம். பின்னது எளிதில் பழுதாகும், அதே அளவு எளிதில் சரியாகவும் ஆகும்.

மரத்துக்கு எதிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரம் அறுத்து உலர்த்திய பிறகும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது மரத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு நீர் இருக்கும். அடைமழைக் காலத்தில் அது 18 விழுக்காட்டைத் தாண்டும். அந்த வேறுபாட்டில் மரம் நார்களுக்குக் குறுக்காக உப்புகிறது, பின்னர் சுருங்குகிறது. ஐப்பசியில் இறுகிப்போகும் கதவு மாசியில் தானாகவே சரியாவது இதனால்தான். வார்னிஷ் இந்தப் போக்குவரத்தை முழுதாக நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. மெதுவானால் ஒரு நாள் மழைக்கும் மறுநாள் வெயிலுக்கும் மரம் உடனுக்குடன் அசைய வேண்டியதில்லை, வெடிப்பும் முறுக்கும் குறையும். நீர் நின்று ஊறாமல் வழிந்துவிடுவதால், மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைக்குத் தேவையான 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரமும் எளிதில் சேர்வதில்லை. துளைகள் மூடப்படுவதால், அவற்றில் முட்டையிட்டு மரத்தைப் பொடிப்பொடியாக்கும் சிறு வண்டுகளுக்கும் இடமில்லாமல் போகிறது. கறையானை மட்டும் வார்னிஷ் தடுக்காது. தடுக்கும் என்று சொல்லி விற்பவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். தரையிலிருந்து சுவர் வழியாக நிலைச்சட்டத்தின் உட்புறத்துக்கு வரும் கறையானுக்கு வெளியே உள்ள மெல்லிய படலம் ஒரு பொருட்டே அன்று.

கதவுக்கு நான் தேர்ந்தெடுத்தது வெளிப்புறத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் அச்சிட்டிருந்த ஒரு சிந்தெடிக் கிளியர் வார்னிஷ். ஏழு அடி உயரமும் மூன்றரை அடி அகலமும் உள்ள கதவு இரண்டு பக்கமும் சேர்ந்து 49 சதுர அடி. நிலையையும் சேர்த்தால் ஏறத்தாழ 60. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு, அதாவது ஒருமுறை பூசுவதற்கு, 120 முதல் 150 சதுர அடி வரை வரும் என்பதால், மூன்று கோட்டுக்கு ஒரு லிட்டர் டப்பா ஒன்றும் அரை லிட்டர் டப்பா ஒன்றும் வாங்கினேன். பொருளுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு கூலிக்குப் போயிற்று; பழைய படலத்தை எடுப்பதுதான் நாளை விழுங்கும் வேலை. ரிமூவர் பூசலாம் என்றார்கள். அதன் நெடி மூடிய இடத்தில் உடம்புக்கு ஆகாது என்பதால், வேலைக்கு வந்தவர் கண்ணாடிச் சில்லால் சுரண்டியும், 80, 120, 180, 220 எனச் சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு வரிசையாக உப்புத்தாள் தேய்த்தும் மரத்தை வெளியே கொண்டுவந்தார். கண்ணாடிச் சில்லின் விளிம்பு மரத்தின் மேல் எழுப்பும் சுருள், எந்த இயந்திரமும் தராத சுத்தத்தைத் தருகிறது. ஆணித் துளைகளுக்கு, அவற்றை அடைக்கும் பசையான மக்கு வைத்தோம். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், வார்னிஷ் பிடிக்காமலும் உலராமலும் இழுத்தடிக்கக்கூடும். அதற்காகப் பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்தார். இது பலரும் விட்டுவிடும் வேலை.

முதல் கோட்டில் ஐந்தில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்தோம். நீர்த்த முதல் கோட்டு மரத்தின் துளைக்குள் இறங்கி வேர்பிடிக்கும், அடுத்து வரும் கெட்டியான கோட்டுகளுக்கு அதுவே பிடிமானம். கோட்டுக்குக் கோட்டு ஒரு நாள் இடைவெளி விட்டு, 320 உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் தூசி துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் பூசினோம். டப்பாவைக் குலுக்கக் கூடாது, கோலால் கிளற வேண்டும். குலுக்கினால் காற்று புகுந்து படலத்தில் கொப்புளமாக நிற்கும். நேர் வெயிலில் பூசினாலும் இதே கதிதான்: மேற்பரப்பு முந்தி இறுகிவிட, உள்ளே உள்ள கரைப்பான் வெளியேற வழியின்றிக் குமிழாகிறது. ஆகவே மேற்குப் பக்கத்து வேலை முழுவதையும் காலை பத்து மணிக்குள் முடித்தோம். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம் என்றும் எச்சரிக்கிறேன். எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிப்படும்; சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்க வாய்ப்புண்டு. விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கிவைக்க வேண்டும்.

முதல் ஆண்டின் முடிவில் இந்த வார்னிஷுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன், ஒரே ஒரு குறை நேராமல் இருந்திருந்தால். கதவைக் கீலிலிருந்து கழற்றாமலேயே பூசியதால் அடிவிளிம்புக்குத் தூரிகை போகவில்லை. நான் கேட்டபோது, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எதற்கு வார்னிஷ் என்று வேலைக்காரர் சிரித்தார். நானும் ஒப்புக்கொண்டேன், ஆகவே பழியில் பாதி எனக்கும் உண்டு. சட்டத்தின் நெடுக்கு மரம் கீழே முடியும் இடத்தில் நார்களின் வாய் திறந்திருக்கும். ஸ்ட்ரா வழியாக இளநீர் ஏறுவதுபோல, பக்கவாட்டில் நுழைவதைவிடப் பல மடங்கு வேகமாக அந்த முனை வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. அந்த ஆண்டு நவம்பர் மழையில் கதவு உப்பி, வாசற்படியில் உரசி, இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தால்தான் திறக்கும் என்றாயிற்று. கீழ்ச்சட்டத்தின் ஓரத்தில் வார்னிஷுக்கு அடியில் ஒரு கறுப்புக் கோடும் தோன்றியது. உள்ளே நுழைந்த நீரை வெளியே விடாமல் படலமே தடுத்துக்கொண்டிருந்தது. 2023 ஜனவரியில் கதவைக் கழற்றி, இழைப்புளியால் ஒரு சிட்டிகை இழைத்து, நன்றாகக் காயவைத்து, அடிவிளிம்புக்கும் தலைவிளிம்புக்கும் நீர்த்த வார்னிஷை அது குடிக்க மறுக்கும்வரை பூசினேன். அதன் பிறகு வந்த மழைக்காலங்களில் கதவு எங்கும் உரசவில்லை. மேல்பரப்புக்கு எத்தனை கோட்டு அடித்தீர்கள் என்பதைவிட, விளிம்புக்கு அடித்தீர்களா என்பதுதான் முக்கியமான கேள்வி என்று அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் வேறொரு மாற்றம் தெரிந்தது. கதவின் மேல்பாதிக்கு முகப்புக் கூரையின் நிழல் உண்டு. கீழ்ப்பாதியில் பிற்பகல் வெயில் படும். மேல்பாதி அன்று பூசியதுபோலவே இருக்க, கீழ்ப்பாதி மங்கி, மயிரிழைபோன்ற வெடிப்புகள் விட்டது. வார்னிஷ் மட்டமானது என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. நாம் ரசிக்க விரும்பும் மரத்தின் அழகை நமக்குக் காட்டும் அதே தெளிவு, சூரியனின் புறஊதாக் கதிருக்கும் வழி விடுகிறது. அந்தக் கதிர் மர நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது. படலத்துக்கு அடியில் உள்ள மரத்தின் தோலே நைந்துபோவதால், படலம் கால் ஊன்ற இடமின்றி உரிகிறது. வெளிப்புற வார்னிஷில் புறஊதாக் கதிரை உறிஞ்சும் பொருளைச் சேர்த்திருப்பார்கள், ஆனால் அதுவும் நாளடைவில் தீர்ந்துபோகக்கூடியது. வெயிலில் நிற்கும் மரத்துக்கு நிறமியுள்ள பெயின்ட் வார்னிஷைவிடக் கூடுதல் காலம் உழைப்பதற்குக் காரணமும் இதுவே. தேக்குக்குப் பெயின்டா என்று பல்லைக் கடிப்பவர்கள், குறைந்தபட்சம் சற்று நிறம் கலந்த வார்னிஷையாவது வெளிப்புறத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும்போதெல்லாம் நான் மரவேலையை மட்டும் அல்லாமல் அதன் மேலே உள்ள ஓட்டுச் சரிவையும் அண்ணாந்து பார்ப்பதுண்டு. சுவரைத் தாண்டி நீண்டு தாழ்ந்து இறங்கும் அந்தக் கூரை, மழைச் சாரலும் உச்சி வெயிலும் மரத்தைத் தொடாமல் காக்கிறது. கான்கிரீட் வீடு கட்டும்போது ஒன்றரை அடி சன்ஷேடோடு நிறுத்திக்கொள்ளும் நாம், அந்தக் குறையை எல்லாம் டப்பாவில் வாங்கி ஈடுகட்டப் பார்க்கிறோம்.

சன்னல்களுக்கு அடித்தது பியூ எனப்படும் பாலியூரித்தேன், அதுவும் வெளிப்புறத்துக்கான இரண்டு டப்பா வகை. பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் சொன்ன விகிதத்தில் கலந்து சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிச்சம் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். காற்றுக்காகக் காத்திராமல் இரண்டு பொருள்களும் தம்மில் வினைபுரிந்து இறுகுவதால் படலம் மிகக் கடினமானது, பளபளப்பிலும் இதற்கு இணையில்லை. மூன்று ஆண்டுக்குப் பின்னும் ஒரு சன்னல் புதிதுபோல மின்னுகிறது. மற்றதில் சட்டமும் பலகையும் சேரும் ஒரு மூலையில் இணைப்பு சற்று விலகி நீர் புகுந்து, உள்ளங்கை அளவுக்குப் படலம் தாளாகக் கிளம்பி வெளுத்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். பழைய படலத்தோடு புதியது கலக்காததால் ஓரம் அப்பட்டமாகத் தெரிகிறது. முழுச் சட்டத்தையும் தேய்த்தெடுத்தால்தான் சீராகும். விலை சிந்தெடிக் வார்னிஷைவிட மிக அதிகம். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் தகுந்த முகக்கவசம் இன்றி யாரையும் இந்த வேலையில் இறக்கக் கூடாது, குறிப்பாக ஸ்பிரே அடிக்கும்போது. நல்ல நிழலும், அசையாத இணைப்புகளும், கைதேர்ந்த ஆளும் இருந்தால் பியூ சிறந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கொடுத்த பணம் வீண்.

மெலமைன் என்ற மரப்பூச்சைப் பற்றியும் கேட்பார்கள். அது வீட்டுக்குள் இருக்கும் மேசை, கட்டில்களுக்கானது. பூசிச் சில நாட்களுக்குக் கண்ணை எரிக்கும் ஃபார்மால்டிஹைடு நெடி இருக்கும். வெளிக்கதவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஊஞ்சலுக்கும் அலமாரிக்கும் அரக்கு. இந்த மூன்றில் என் மனத்துக்கு நெருக்கமானது இதுவே என்பதை மறைக்கப் போவதில்லை. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பதுதான் அரக்கு; உலகில் அதை அதிகம் தருவது நம் நாடு, நாட்டுக்குள் ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும். இதற்கென்றே ராஞ்சியில் 1924இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. முன்பு பதிவுத் தபாலில் வைத்த முத்திரையிலும், பழைய கிராமபோன் இசைத்தட்டிலும், இன்றும் சில மாத்திரைகளின் மேற்பூச்சிலும் இருப்பது இதே அரக்குதான். கடையில் செதிலாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் என்ற கணக்கில் இரவில் ஊறப்போட்டு, காலையில் வடிகட்டி, பஞ்சைத் துணியில் பொதிந்து அதில் நனைத்து, மரத்தின் மேல் வட்ட வட்டமாக ஓட்ட வேண்டும். ஒரு கோட்டு உலரச் சில நிமிடங்கள் போதும் என்பதால் ஒரே நாளில் பத்துப் பதினைந்து மெல்லிய படலங்களை ஏற்றிவிடலாம். பிரெஞ்சு பாலிஷ் என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான்.

முதலில் நான் வாங்கியது கலந்து பாட்டிலில் அடைத்து வைத்திருந்த பாலிஷ். பூசி நான்கு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தன் இறுகும் தன்மையை இழந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. தயாரித்த தேதியைக் கேட்டபோது கடைக்காரரிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் ஸ்பிரிட்டாலேயே துடைத்தெடுத்துவிட்டு, செதில் வாங்கி நானே கரைத்தேன். தேக்கில் அரக்கு ஏறும்போது வரும் தேன் நிறம் வேறு எந்த டப்பாவிலும் வராது. பலவீனங்களும் உண்டு. அலமாரி மேல் வைத்திருந்த சானிடைசர் பாட்டில் கசிந்து, அதில் உள்ள ஆல்கஹால் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் படலத்தைக் கரைத்துவிட்டது. சூடான காப்பி டம்ளர் ஊஞ்சல் பலகையில் வெள்ளை வளையம் போட்டது. மழை நாளில் பூசினாலும் வெளுக்கும், ஏனெனில் ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிகிறது. ஆனால் நாணய அளவுப் புண்ணையும் வளையத்தையும் சரிசெய்ய எனக்குத் தேவைப்பட்டது ஒரு பஞ்சுப் பொட்டலமும் அரை மணி நேரமும்தான். புதிய அரக்கு பழைய அரக்கைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிட்டது, இன்று தேடினாலும் இடம் தெரியாது. வெளிவாசலுக்கும், சமையலறைக்கும், சோப்புத் தண்ணீர் படும் எந்த இடத்துக்கும் அரக்கு உதவாது. மற்ற இடங்களில் பணம் செலவழித்துப் பியூ அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

மீண்டும் வாங்குவேனா என்று கேட்டால், கதவுக்கு அதே சிந்தெடிக் வார்னிஷைத்தான் வாங்குவேன், ஆனால் அடுத்த முறை தேக்கு நிறம் சிறிது கலந்ததாக. மேற்கு வெயிலில் நிற்கும் கதவுக்கு அது ஈராண்டுக்கு ஒருமுறை ஒரு கோட்டு கேட்கிறது. உரிந்து விழும்வரை காத்திராமல் அந்த ஒரு கோட்டைக் கொடுத்துவிட்டால் சுரண்டும் வேலையே இல்லை. நேரம் வந்துவிட்டதா என்பதை அறிய, சில துளித் தண்ணீரைத் தெளித்துப் பார்க்கிறேன். முத்தாக உருண்டு நின்றால் விட்டுவிடலாம். மரம் அதைக் குடித்துக் கறுத்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். 2025 பிப்ரவரியில் கதவை மீண்டும் கழற்றி, வெயில் பட்ட கீழ்ப்பாதியை 220 உப்புத்தாளால் தேய்த்து ஒரு கோட்டு கொடுத்தேன். கையோடு அடிவிளிம்புக்கும் பூசலாம் என்று கதவைக் கவிழ்த்துப் பார்த்தால், 2023இல் பூசிய படலம் சிறு வெடிப்பும் இல்லாமல் பளபளத்துக்கொண்டிருந்தது. வெயில் எட்டாத அந்த இடத்தில் தூரிகைக்கு வேலையே இருக்கவில்லை.